வயது கேட்கும் கடைக்காரர்



கடையில் ஒரு பொருளைக் கேட்கும்போது, “தம்பி, உனக்கு வயது என்ன?” என்று கடைக்காரர் வினவினால் உங்களுள் பலருக்குச் சினம் மூளும். கையில் காசு இருக்க, வயதைக் கேட்க இவர் யார் என்று தோன்றும். சில பொருள்களைப் பொறுத்தவரை அவ்வாறு கேட்பது அவர் கடமை. அக்கடமை நம் ஊரில் ஏன் நழுவிப்போகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வயதை எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. முன்னாளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருவோர் பலரிடம் பிறப்புச் சான்று இராது. வலக் கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொள்வோம். கை நீண்ட பிள்ளைக்கு வயது கூடிவிடும்! அன்று பதிவேட்டில் ஏறிய தேதியே அவனுக்கு வாழ்நாள் முழுவதும் பிறந்த நாள். இன்று அந்நிலை மாறிவிட்டது. பிறந்த தேதியும் புகைப்படமும் தாங்கிய அட்டை பலர் பையிலும் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்பவர்தாம் அரியர்.

சட்டம் இல்லாமலில்லை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவருக்கு அவற்றை விற்கலாகாது என்கிறது. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் எவருக்குமே விற்கலாகாது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமோ, சிறாருக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நம் மாநிலத்தில் மது வாங்க 21 வயது நிரம்ப வேண்டும்.

இனிச் சிந்தாதிரிப்பேட்டையைப் பாருங்கள். நெசவாளருக்கென்று 18-ஆம் நூற்றாண்டில், கூவத்தின் வளைவுக்குள் எழுந்த குடியிருப்பு இது. தெருக்கள் குறுகியவை, பள்ளியும் கோயிலும் பெட்டிக்கடையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தகைய பேட்டையில் கடைக்காரருக்கு எந்த அட்டையும் வேண்டுவதில்லை. சிறுவன் இன்னார் மகன், இன்ன வகுப்பில் படிக்கிறான் என்பதை அவர் நன்கறிவார். ஆயினும் சீருடையோடு வந்த பிள்ளை, “அப்பா வாங்கிவரச் சொன்னார்” என்றதும் சிகரெட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மறுத்தால் நாளை அந்த அப்பா வேறு கடைக்குப் போய்விடுவாரே! தந்தைக்காக வாங்கலாம் என்ற விலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. அறியாமையைவிட இந்த முகத்தாட்சணியமே பெரிய தடை என்பது என் கருத்து.

வாங்குபவர் சிறுவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நம் விதிகள் விற்பவர்மேல் சுமத்துகின்றன. ஆனால் ஐயம் எழுந்தால் சான்று கேட்கலாம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஐயப்பட விரும்பாதவருக்கு ஐயம் எப்படி எழும்?

இதைக் கனடா நாட்டார் வேறு வகையில் அணுகினர். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் சட்டம் கஞ்சா விற்பனையைக் கடுங்குற்றமாக்கிற்று. கனடாவிலோ 2018 அக்டோபர் 17 முதல் உரிமம் பெற்ற கடையில் அதை விற்கலாம். அவ்வாறு திறந்துவிட்டது நன்றா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆனால் அக்கடையின் வாயிற்படியில் அவர்கள் வைத்த காவலை மறுக்க இயலாது. நம் தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்றாரியோ மாகாணத்தில் அதை வாங்க 19 வயது வேண்டும். ஆனால் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் புகைப்படமும் பிறந்த தேதியும் உள்ள சீட்டைக் கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும். ஏன் இந்த ஆறாண்டு இடைவெளி? மீசை அரும்பிய பதினேழு வயதுப் பையன் இருபதாகத் தோன்றுவான், கண்ணளவு பிழைபடும். இன்னொரு நன்மையும் உண்டு. தோற்றத்தில் இளையவர் அனைவரிடமும் கேட்பதால் எவரும் அதை அவமதிப்பாகக் கொள்வதற்கில்லை. கடைக்காரரும், “விதி இது, நான் என்ன செய்ய?” என்று தப்பிக்கொள்வார். நம் பெட்டிக்கடைக்காரருக்கும் இந்தத் துணை கிடைக்க வேண்டும்.

உங்களுள் சிலர் மாலையில் தந்தையின் கடையில் அமர்பவர்கள். 18 வயது நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாதென்பதும் விதியே. வாடிக்கையாளர் கேட்டால் தந்தையைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த மனிதர் நிற்கட்டும்.