கப்பலறையின் விலை

இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் பயணக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தங்கிச் சென்ற காலத்தை நேயர்களுள் வயதில் முதிர்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பி. அன்ட் ஓ. கப்பல்களும் ஒறியன்ற் லைன் கப்பல்களும் வந்து நின்ற அந்நாளிலே பயணக் கட்டணம் என்பது முகவரின் மேசைமீது கிடந்த அச்சிட்ட அட்டவணையில் உள்ளது. முதலாம் வகுப்புக்கு இவ்வளவு, அடுத்த வகுப்புக்கு இவ்வளவு. அதனைக் கொடுத்தால் சீட்டு. கொடுக்க இயலாவிடின் கரையில் நின்று கைகாட்டலாம். அறை கப்பலின் எந்தப் பக்கத்தில் அமைகின்றது என்பதே பயணிகளின் கவலை. குளிர்சாதன வசதி இல்லாத கப்பலில் கிழக்கு நோக்கி வரும்போது இடப்புற அறையில் வெயில் குறைவு. மேற்கே திரும்பும்போது வலப்புற அறையில் குறைவு. 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல் இவ்வழக்கத்திலிருந்தே பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாயிருக்கிறது, ஆதாரந்தான் ஒன்றும் அகப்படவில்லை.

இன்றைய உல்லாசக் கப்பல்கள் வேறு இனத்தவை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவற்றின் தொழிலன்று. மயாமியிற் புறப்பட்டுக் கரிபியன் தீவுகளைச் சுற்றி மயாமிக்கே மீள்வதும், வன்கூவரிற் புறப்பட்டு அலாஸ்காவின் பனியாறுகளைக் காட்டி வன்கூவருக்கே மீள்வதும் அவற்றின் தொழில். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 2 கோடியே 97 இலட்சம் பேர் இவ்வாறு பயணஞ் செய்தனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் அனைத்தும் நின்றுபோயின. 2023இல் அத்தொகை 3 கோடியே 17 இலட்சமாக உயர்ந்துவிட்டது. நம்மவருள்ளும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் பலர், பிள்ளைகளின் வற்புறுத்தலினால் இக்கப்பல்களில் ஏறி வருகின்றனர். பணம் பிள்ளைகளுடையது, அதுவும் பனிக்காலத்தில் இரண்டு வேலை செய்து சேர்த்த பணம். ஆதலின் அது வீணாகாத வழியைப்பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

முதலில் நாம் தெரிந்துகொள்ளவேண்டியது, இன்றைய கப்பற் கட்டணம் ஒரு நாள் இருந்தபடி மறுநாள் இராது என்பதாகும். அந்திச் சந்தைக்குப் போனவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வார்கள். விற்காமற்போன மீனுக்கு இரவு ஏழு மணிக்குமேல் விலையில்லை. அதுபோலவே, நங்கூரம் எடுத்தபின் வெறுமையாய்க் கிடக்கும் அறைக்கும் விலையில்லை. அதுமட்டுமன்று, அவ்வறையில் ஒருவர் இருந்திருப்பின் மதுச்சாலையிலும் சூதாட்டக் கூடத்திலும் கரைச் சுற்றுலாவிலும் கடைகளிலும் ஏதேனும் செலவு செய்திருப்பார், அவ்வருவாயும் போயிற்று. எனவே அறை நிரம்பாதென்று கண்டால் கம்பனி விலையைக் குறைக்கின்றது. விரைந்து நிரம்பக் கண்டால் உயர்த்துகின்றது. கணக்குப் பார்ப்பது மனிதரல்லர், கணனி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மீன்காரர் விலையைக் குறைத்தால் உரத்த குரலிற் கூவுவார். கப்பற் கம்பனியோ, நேற்று அதிக விலைக்கு வாங்கியவரிடம் வந்து, 'இன்று விலை குறைந்துவிட்டது, மிகுதியைப் பெற்றுக்கொள்ளும்' என்று சொல்லாது. கேட்டவருக்கே கிடைக்கும்.

எப்பொழுது கேட்பது? பதிவுசெய்யும்போது முழுப்பணத்தையும் வாங்குவதில்லை. முற்பணம் ஒன்று வாங்குவர். முழுப்பணமும் கட்டவேண்டிய இறுதி நாள் என ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ஏழு நாட் பயணத்துக்கு அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்னதாக இருக்கும். கம்பனியையும் பயணத்தின் நீளத்தையும் பொறுத்து 60 நாளாகவும் இருக்கலாம், 120 நாளாகவும் இருக்கலாம். அந்நாள் வரையில் பிடி பயணியின் கையில் உள்ளது. வட அமெரிக்காவில் மீளப்பெறத்தக்க முற்பணத்துடன் பதிவு செய்தவர், விலை குறையக் கண்டால் புதிய விலைக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம். மறுத்தால் பதிவையே நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியலாம் என்ற துணிவு அவருக்கு உண்டு. அந்நாள் கழிந்தபின் பதிவை நீக்கினால் தண்டம். நாள் நெருங்க நெருங்கத் தண்டமும் ஏறி, ஈற்றில் முழுத்தொகையும் போய்விடும். அப்பொழுது விலை எவ்வளவு வீழ்ந்தாலும் பணமாகத் திரும்பக் கிடைப்பது அரிது. கப்பலிற் செலவிடக்கூடிய சிறு வரவையோ ஒருபடி மேலான அறையையோ தயவாகத் தருவாரும் உளர். தயவு என்பதை நினைவிற் கொள்க, உரிமையன்று.

ஆகவே சீட்டு வாங்கியதும் முதல் வேலையாக அவ்விறுதி நாளை நாட்காட்டியிற் குறித்துவைத்தல் வேண்டும். அந்நாளை ஒட்டிப் பலர் தம் பதிவுகளைக் கைவிடுவர். கைவிடப்பட்ட அறைகள் மீண்டும் விலைக்கு வரும். விலை அசைவது பெரும்பாலும் அப்பொழுதுதான். இன்னும் ஒன்று. சிறிது மலிவாக, மீளப்பெறவியலாத முற்பணத்துடன் ஒருவகைச் சீட்டு விற்கப்படுகின்றது. அதனை வாங்கியவர் தம் பிடியை முதலிலேயே விற்றுவிட்டவராவர். பிரித்தானியாவிற் பதிவு செய்வோருக்கு முற்பணம் பொதுவாகவே மீள்வதில்லை. ஆகவே இலண்டனிலுள்ள மகன் சொல்வதும் ரொறன்ரோவிலுள்ள மகள் சொல்வதும் வேறுபடுமாயின் இருவருமே மெய் சொல்பவராயிருக்கலாம்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகின்றேன். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில், ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையாரும் அத்தானும், தாயாரையும் என்னையும் அலாஸ்காப் பயணத்துக்கு அழைத்தனர். மே மாதத்திலும் செப்ரெம்பரிலும் இப்பயணம் மலிவு. ஆனால் பாடசாலை மணிக்குக் கட்டுப்பட்ட என்போன்றோருக்கு விலை ஏறிய மாதமே வாய்க்கும். (கனடாவில் ஏறுகின்றோமாயினும் அலாஸ்கா அமெரிக்க மண் ஆதலின், நம் கடவுச்சீட்டுடையோருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும், இதை மறந்து துறைமுகம் வரை போனவர்களின் கதையையும் கேட்டிருக்கின்றேன்.) பதிவு முதலியவற்றையெல்லாம் என் மருமகள் பார்த்துக்கொண்டாள். அவள் பயணத்துக்கு வரவில்லை. ஆயினும் அப்பயணத்தில் அறிவோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்தியே.

இரண்டு அறைகள் பதிவாயின. தாயாருக்கும் எனக்கும் ஒன்று. தமக்கையாருக்கும் அத்தானுக்கும் அதற்கு அடுத்தது. இரண்டும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிப்றுக்கு அண்மையில், கடலைப் பார்க்கும் யன்னலுடன் அமைந்தவை. கட்டணம் ஆளொன்றுக்கு 1,280 டொலர். மருமகள் வாரந்தோறும் ஞாயிறு இரவில் விலையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவந்தாள். இறுதி நாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் அதே வகை அறை 1,140 டொலருக்கு வந்தது. ஒருவருக்கு 140, ஓர் அறைக்கு 280 டொலர் மிச்சமென்று அத்தான் மகிழ்ந்தார். மருமகள் பொறுத்திருக்கச் சொன்னாள். எங்கள் பழைய சீட்டுடன் அறையொன்றுக்கு 100 டொலர் கப்பற் செலவு வரவாகச் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. புதிய விலையில் அஃது இல்லை. எனவே மெய்யான மிச்சம் அறைக்கு 180 டொலர். விலை குறைந்தது என்று கேட்டவுடன் பாய்ந்து மாற்றிக்கொண்டு, இலவசமாகக் கிடைத்திருந்த பானத்தையும் பணிவிடைக் கட்டணத்தையும் இழந்தோர் பலர். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடவேண்டும். பணிவிடைக் கட்டணம் ஒன்றே பெரிய கம்பனிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை ஆகின்றது. ஏழு நாளுக்கு அது சிறு தொகையன்று.

மாற்றித் தரும்படி கேட்டபோது, 'இவ்விலை புதிய பதிவுகளுக்கு மட்டும்' என்ற விடை கிடைத்தது. மருமகள் வாதாடவில்லை. அவ்வாறாயின் பழைய பதிவை நீக்கிப் புதிதாகப் பதிவதாகவும், அதற்குமுன் அவ்விரண்டு அறைகளும் கைவிட்டுப் போகாதவாறு என்ன செய்யலாமென்று கூறுமாறும் கேட்டாள். சற்றுநேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அதே அறைகளுக்கே புதிய விலையைப் போட்டுத் தந்தார்கள். அவள் கம்பனியிடம் நேரடியாகப் பதிந்திருந்தமையால் நேரடியாகப் பேச முடிந்தது. முகவர் வாயிலாகப் பதிந்தவர் முகவரிடமே கேட்கவேண்டும். கம்பனி அவருடன் பேசாது. அதனால் முகவர் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. முகவருக்குத் தரகு தருவது கம்பனியே. முன்விலைக்கு அறைகளை மொத்தமாகப் பிடித்துவைத்திருக்கும் முகவரிடம், வெளியில் விலை ஏறியபின்னும் பழைய விலை கிடைப்பதுண்டு. சில முகவர் நீக்கற் கட்டணம் அறவிடுவர். அதனை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று.

அடுத்தது அறையுயர்வு. யன்னலற்ற உள்ளறை, யன்னலறை, பல்கனி என்னும் வெளிமாடமுள்ள அறை, பல அறைகள் சேர்ந்த பெருந்தொகுதி என்று படிகள் நான்கு. கீழ்ப்படியில் வாங்கி மேற்படியில் உறங்க விரும்பாதார் யார்? அதற்கு முன்பு கப்பலதிகாரியின் தயவு வேண்டியிருந்தது. இப்பொழுது கேள்வி விலை கோரும் முறை வந்துவிட்டது. ரோயல் கரிபியன் கம்பனி அதனை ரோயல் அப் என்றும், செலிபிறிற்றி கம்பனி மூவ் அப் என்றும் அழைக்கின்றன. பயணத்துக்குச் சில வாரம் முன் அழைப்பு வரும். மேல்வகை அறைக்கு மேலதிகமாக எவ்வளவு தருவீர் என்று நீர் எழுதவேண்டும். அறை மிஞ்சினால், பொருந்திய விலை கூறியவருக்குக் கொடுப்பர். கொடுத்தவுடன் பணம் கழிக்கப்படும். வேண்டாமென்று சொல்ல வழியில்லை.

அத்தான் எங்களிடம் சொல்லாமல், தாயாருக்கு வியப்பளிக்கும் எண்ணத்துடன், எங்கள் அறைக்கு 150 டொலர் எழுதிவிட்டார். புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அஃது ஏற்கப்பட்டது. கழிக்கப்பட்டதோ 300 டொலர். எழுதும் தொகை அறைக்கன்று, ஆளுக்கு, இருவருக்கு இரட்டிப்பு. படிவத்தில் அது சொல்லப்பட்டிருந்தது. அத்தான் படங்களைத்தான் பார்த்திருந்தார்.

கிடைத்த அறை மேல்தளத்தில், கப்பலின் முன்மூக்குக்கு அருகில் இருந்தது. அழகான அறை. ஆனால் லிப்றிலிருந்து நீண்ட நடை; தாயாருக்கு வயது எழுபத்தெட்டு, முழங்காலில் வாதம். உயர்வை ஏற்றுக்கொள்பவர் இடத்தைத் தெரியும் உரிமையைக் கைவிடுகின்றார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வகையை மட்டும் உறுதிசெய்து அறையிலக்கத்தைக் கம்பனியே பின்னர் குறிக்கும் மலிவுச் சீட்டிலும் இதே நிலைதான். மேலான அறை வாய்த்தாலும் வாய்க்கும், உயிர்காப்புப் படகு மறைக்கும் யன்னல் வாய்த்தாலும் வாய்க்கும். இளைஞருக்கு அது விளையாட்டு. வன்கூவரிலிருந்து வடக்கே ஒருவழியாகச் செல்லும் கப்பலில், கரை தெரியும் வலப்புற அறைதான் வேண்டுமென்று விரும்புவோர் இவ்விரு வழிகளிலும் இறங்கலாகாது. முன்னே கூறிய பழைய கப்பற் பயணிகளின் கவலை வேறுருவில் இன்றும் இருக்கின்றது.

வன்கூவர்த் தீவின் மறைவில் முதல் நாள் கடல் குளம்போற் கிடந்தது. தீவைக் கடந்து குயின் சார்லற் நீர்ப்பரப்பில் கப்பல் பசிபிக் அலைக்கு முகங்கொடுத்ததும் முன்பகுதி ஏறி இறங்கத் தொடங்கிற்று. ஊஞ்சற் பலகையில் நடுவில் இருப்பவருக்கும் நுனியில் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான். தாயார் கட்டிலைவிட்டு எழவில்லை. வாய்க்குள் வைத்தது எதுவும் தங்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் போய் எங்கள் பழைய அறையைத் தருமாறு கேட்டேன். அதில் வேறொருவர் வந்துவிட்டார், கப்பல் நிறைந்திருந்தது. ஈற்றில், எங்களுக்குள்ளேயே மாறிக்கொள்வதாகத் தெரிவித்துச் சாவி அட்டைகளை மாற்றுவித்தோம். தமக்கையாரும் அத்தானும் மேலே சென்றனர். தாயாரும் நானும் அவர்களுடைய கீழ்த்தள அறைக்கு வந்தோம்.

மாலையில் தாயாருக்குத் தெளிந்தது. மறுநாள் மலைகள் கரையோரமாய் நெருங்கி வந்தபோது, மேலே போய் மாடத்தில் இருந்து பார்ப்போமா என்று கேட்டேன். "இந்த யன்னலாலையே மலை தெரியுது. பிறகேன் அங்கை போய்க் குளிருக்கை நிப்பான்?" என்றார்.

மேலே அந்த மாடத்தில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மழையிலும் காற்றிலும் பயணம் முடியும்வரை அத்தான் இருந்தார். முந்நூறு டொலர் கொடுத்தாயிற்றே என்பது அவருடைய நியாயம்.