அணைந்ததா, வெடித்ததா?

சொல்லுக்குச் சொல் பொருள் மனப்பாடம் பண்ணினால் ஆங்கிலம் வந்துவிடும் என்கிறது எதிரணி. எங்க சூலக்கரைப் பக்கம் வந்து சொல்லட்டும்!

'லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைஞ்சது. சரி. 'அலாரம் வென்ட் ஆஃப்'? மணி அடிச்சது. 'மில்க் வென்ட் ஆஃப்'? பால் கெட்டுப்போச்சு. 'கிராக்கர் வென்ட் ஆஃப்'? வெடிச்சிருச்சுங்க! அணைஞ்சதுக்கும் அதே சொல், வெடிச்சதுக்கும் அதே சொல்!

தமிழ் மட்டும் லேசா? 1920-களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அது போனது. சரவெடி நமுத்துப் போச்சே, அது எந்த ஊருக்குப் போச்சு? கரண்ட் போச்சு, மானம் போச்சு... இதையெல்லாம் பிள்ளைக்குப் பட்டியல் போட்டா சொல்லிக் கொடுத்தோம்? அடுப்படியில அம்மா பேசக் கேட்டுக் கத்துக்கிச்சு.

சிரிக்கிறீங்க. திரி எரிஞ்சும் வெடிக்காத வெடி ஒண்ணு தெருவில் கிடக்கு. 'இட் மே ஸ்டில் கோ ஆஃப்' என்று யாரோ கத்துகிறார். மனப்பாடக்காரப் பையன், 'ஆஃப்னா அணையப் போகுது' என்று குனிஞ்சு கையில எடுக்கிறான். எதிரணி சொல்லட்டும், அந்த விரலுக்கு என்ன பதில்?