எழுதாமல் விட்ட மூன்றில் ஒரு பங்கு

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வஸிய்யத் எனும் மரண சாசனத்தைப் பற்றி இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் ஏதும் தன்னிடம் இருக்கும் ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தியதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி. அதைக் கேட்ட நாள் முதல் தம்மிடம் வஸிய்யத் இல்லாமல் ஓர் இரவும் கழியவில்லை என்றும் அந்த நபித்தோழர் கூறுகிறார்கள். நாமோ ஐம்பது, அறுபது ஆண்டுகளை அப்படியே கழித்துவிடுகிறோம். "உயில் எழுதினால் மௌத்து சீக்கிரம் வந்துவிடும்" என்று அஞ்சுவோரும் நம்மில் உண்டு. அஜல் எழுதப்பட்டுவிட்ட ஒன்று. நம் காகிதம் அதை ஒரு விநாடி முந்தச் செய்யாது, பிந்தச் செய்யாது.

என் மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு மூன்று ஆண் மக்கள், ஒரு மகள். நடு மகன் வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்தில் வஃபாத்தாகிவிட்டார். அவருடைய மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் பெரியவரின் நிழலில் வாழ்ந்தார்கள். "ஹஜ்ரத், இந்த எத்தீம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்று மஃரிபுக்குப் பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "செய்யுங்கள் அத்தா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். "இன்றே எழுதுங்கள்" என்று ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஒரு சுப்ஹு வேளையில் அவர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

பாகப்பிரிவினைக்கு என்னை அழைத்தார்கள். அவருடைய மனைவி முன்பே இறந்திருந்தார். ஃபராயிள் சட்டப்படி சொத்து ஐந்து பங்கு. உயிரோடு இருக்கும் இரு மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. மகன் உயிரோடிருக்க, இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. அந்தக் கணக்கை எழுதியது என் பேனாதான். பங்கீட்டின்போது வந்திருக்கும் உறவினர், அநாதைகள், ஏழைகளுக்கும் அதிலிருந்து கொடுக்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தை ஓதிக் காட்டினேன். சிறு தொகை ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான்.

"இஸ்லாம் அநாதைப் பேரனைக் கைவிட்டுவிட்டதா?" என்று அன்று ஓர் இளைஞர் கேட்டார். இல்லை, சகோதரர்களே! மார்க்கம் மூன்றில் ஒரு பங்கைப் பாட்டனாரின் கையில் கொடுத்திருந்தது. அவர் எழுதாமல் விட்டுவிட்டார். நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) தம் செல்வத்தில் மூன்றில் இரண்டைத் தர்மமாக வழங்க அனுமதி கேட்டு, பிறகு பாதியைக் கேட்டு, இறுதியில் மூன்றில் ஒன்றைக் கேட்டபோது, அதுவே அதிகம் என்று கூறி அண்ணலார் (ஸல்) அனுமதித்தார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதும் நபிமொழி. அப்படியானால் அந்த மூன்றில் ஒன்று யாருக்கு? வாரிசாக வராத உறவினருக்கும், ஏழைகளுக்கும், பள்ளிவாசல், மத்ரஸா போன்ற நற்பணிகளுக்கும்தான். அவர்களில் முதலிடம் பெறத் தக்கவர் அநாதைப் பேரப் பிள்ளைகள் அல்லவா? எகிப்து நாடு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தகைய பேரப் பிள்ளைகளுக்கான வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எனவே பாட்டனாரின் பேனா ஒன்றே வழி.

அந்நிஸாவின் 11, 12 ஆகிய வசனங்களைக் கவனியுங்கள். பங்குகளைக் கூறும்போது, வஸிய்யத்தும் கடனும் போக எஞ்சியதில்தான் என்பதை அல்லாஹ் நான்கு முறை நினைவூட்டுகிறான். முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து கடன். அதன் பிறகே எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. கொடுக்காத ஜகாத், நிறைவேற்றாத ஹஜ், அடகிலிருக்கும் பிறர் நகை, கட்ட வேண்டிய சீட்டுப் பணம், நம்மிடமுள்ள அமானிதம் ஆகிய அனைத்தும் எழுதப்பட வேண்டியவை.

"வாயால் சொன்னால் போதாதா?" எனலாம். நம் நாட்டு நீதிமன்றங்களில் முஸ்லிமின் வஸிய்யத்துக்குக் குறிப்பிட்ட வடிவம் கட்டாயமில்லை. இறப்பதற்குச் சற்று முன் ஒருவர் எழுதிய கடிதத்தையே உயிலாக 1898ஆம் ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. ஆனால் வாய்மொழியை நிரூபிப்பது மிகக் கடினம். என்ன சொன்னார், எங்கே, எப்போது, யார் முன்னிலையில் என்று ஒவ்வொன்றாகத் துருவிக் கேட்பார்கள்.

வாரிசு வழக்கின் நீளம் சிவகங்கை மண்ணுக்குத் தெரியாததல்ல. ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் இறந்த பிறகு, சகோதரர் வழியினருக்கும் மகள் வழியினருக்கும் இடையே எழுந்த வழக்கு, மகளுக்குச் சாதகமாக 1863இல் பிரிவி கவுன்சிலில்தான் முடிந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள்! அவர்களின் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. ஆயினும் வழக்கு மன்றத்தில் தேயும் ஆயுள் எல்லோருக்கும் ஒன்றே.

ஆகவே எழுத வேண்டும். யாரைக் கொண்டு எழுதுவது? அல்பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதச் சொல்லும்போது, எழுத்தர் நீதியுடன் எழுதட்டும், எழுத மறுக்க வேண்டாம் என்கிறது. அறிந்தவரின் உதவியை நாடுவது அல்லாஹ் கற்றுத்தந்த ஒழுங்கு. பத்திர எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி, "என் சொத்து முழுவதும் மூத்த மகனுக்கே" என்று எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். பதிவாகிவிட்டதால் அது ஷரீஅத்துக்கு உட்பட்டதாகிவிடாது. வாரிசுக்கு எழுதியதும், மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுதியதும், இறப்புக்குப் பின் மற்ற வாரிசுகள் மனமொப்பினால்தான் செல்லும்.

ஆலிமுக்கு ஃபராயிள் தெரியும், பட்டாவும் வில்லங்கமும் தெரியாது. வழக்குரைஞருக்கு அவை தெரியும், ஃபிக்ஹின் நுணுக்கம் தெரியாமல் போகலாம். இருவரையும் ஒரே நேரத்தில் அமர்த்தி எழுதுங்கள். அவர்களிடம் தெளிவு பெற வேண்டியவை சில:

ஒன்று: வயல், தோட்டத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்பார் சிலர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. 1949ஆம் ஆண்டு சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

இரண்டு: வங்கியில் நாமினியாகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வங்கி வைப்பு குறித்து 2010இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியது.

மூன்று: மலேசியா, சிங்கப்பூரில் வீடோ கணக்கோ இருந்தால், அங்குள்ள சட்டத்தையும் விசாரித்துத் தனியே எழுத வேண்டும்.

நான்கு: உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது பாதுகாப்பு. மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வழி செய்கிறது. உயிரோடிருக்கும் வரை மாற்றவும் ரத்துச் செய்யவும் உரிமை உண்டு.

ஐந்து: நீதமான இரு சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். அல்மாயிதாவின் 106ஆம் வசனம் காட்டும் வழி அது.

வழக்குரைஞர் கட்டணத்துக்கு வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. விதவைச் சகோதரிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெண் மக்களின் பங்கைக் குறைக்கும் தந்திரமாக வஸிய்யத்தைப் பயன்படுத்தாதீர்கள். தீங்கு விளைவிக்காத வஸிய்யத்தாக இருக்க வேண்டும் என அந்நிஸாவின் 12ஆம் வசனம் எச்சரிக்கிறது. அவ்வாறே, கேட்ட பிறகு வஸிய்யத்தை மாற்றுவோர் மீதே அதன் பாவம் என்று அல்பகராவின் 181ஆம் வசனம் மக்களையும் எச்சரிக்கிறது.

பெருமக்களே! அந்த இரு பிள்ளைகளும் இன்றும் நம் மத்ரஸாவில் ஓதுகிறார்கள். அவர்களைக் காணும் போதெல்லாம் நான் வற்புறுத்தாமல் விட்ட அந்த மஃரிப் வேளைகள் நினைவுக்கு வருகின்றன. எனவே இன்று வற்புறுத்துகிறேன். இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். கடனை எழுதுங்கள். அமானிதத்தை எழுதுங்கள். உங்கள் குடும்பத்தில் பங்கு இல்லாமல் நிற்கப் போகும் பிள்ளை யார் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் ஓர் ஆலிமையும் ஒரு வழக்குரைஞரையும் சந்தியுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், ஹக்குகளை உரியவர்களிடம் சேர்ப்பித்தவர்களாக, எவருடைய கண்ணீருக்கும் காரணமாகாதவர்களாக நம்மை அவன்பால் அழைத்துக்கொள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!