கணக்கில் கோட்டைவிட்டால் பொருளாதாரத்தில் இடமில்லை

(கிள்ளானில் பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் பிள்ளை நன்றாகப் படித்தால் மூன்று பேச்சுதான் வரும். டாக்டர், வக்கீல், என்ஜினியர். நானே வக்கீல்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளம், வீட்டு விலை, எண்ணெய் விலை, யாருக்கு மானியம், யாருக்கு ஒதுக்கீடு என்று இந்த நாட்டில் முடிவு செய்கிற மேசையில் உட்காருகிறவர்களில் பலர் பொருளாதாரம் படித்தவர்கள். அந்த மேசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். 9ஆவது மலேசியத் திட்டத்தில், 2004ஆம் ஆண்டு நிறுவனப் பங்குரிமையில் இந்தியர்களின் பங்கு 1.2 விழுக்காடு என்று அரசாங்கமே எழுதியது. பூமிபுத்ரா பங்கு 18.9 விழுக்காடு என்றது. 2006இல் டாக்டர் லிம் தெக் கீ தலைமையில் ஓர் ஆய்வு மையம் வேறு முறையில் கணக்குப் பார்த்து, அது 45 விழுக்காடு வரை இருக்கும் என்றது. பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் பதவி விலகினார். பங்கின் முகமதிப்பை வைத்து எண்ணுவதா, சந்தை விலையை வைத்து எண்ணுவதா, அரசு சார்ந்த நிறுவனங்களைச் சேர்ப்பதா, விடுவதா? சண்டை முழுவதும் இதில்தான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் பொருளாதாரம் படித்தவன். நாம் கூட்டம் போட்டுக் குரல் கொடுக்கலாம். எண்ணை எண்ணால் மறுக்க ஆள் வேண்டாமா?

சரி, எங்கே படிப்பது? தூரம் போக வேண்டாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொருளாதாரப் புலம் 1966இல் தொடங்கியது. இன்று அது வணிகம் மற்றும் பொருளாதாரப் புலம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன.

எப்படி நுழைவது? இதைக் கவனமாகக் கேளுங்கள். கதவு மூடுவது பல்கலைக்கழக வாசலில் அல்ல. நான்காம் படிவத்திலேயே மூடிவிடுகிறது.

முதலாவது, எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட், அதாவது குறைந்தது சி, வேண்டும். வரலாற்றில் தேறாவிட்டால் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. பொருளாதாரத்துக்குக் கணிதத்தில் கிரெடிட் கேட்பார்கள். "கணக்கு வராது, அதனால் பொருளாதாரம் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையை இன்றே உட்கார வைத்துப் பேசுங்கள். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே கணிதமும் புள்ளியியலும் காத்திருக்கின்றன. எஸ்.பி.எம். கணிதத்தில் விழுந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. தனியார் பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம்.

இரண்டாவது, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எந்தப் பாதை? மெட்ரிகுலேஷன் ஒரு வருடப் படிப்பு. 2002இல்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு அதில் 10 விழுக்காடு இடம் திறக்கப்பட்டது. 2024இல், 10 ஏ பெற்றால் இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். 10 ஏ எடுக்காத பிள்ளையின் கதி? அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. விண்ணப்பியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எஸ்.டி.பி.எம். இருக்கிறது. அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம், கல்லூரிக் கட்டணம் கிடையாது. "கஷ்டம், கஷ்டம்" என்று சொல்லியே நம் பிள்ளைகளை விரட்டிவிட்டார்கள். 2012 முதல் அது மூன்று தவணைத் தேர்வு. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுத வழி இருக்கிறது. பொதுப்பாடம் கட்டாயம். அதோடு பொருளாதாரம், கணிதம் எம் எடுக்கலாம். பல்கலைக்கழகப் பொதுத் தகுதி சராசரி 2.00, பொதுப்பாடத்தில் சி, வேறு இரண்டு பாடங்களில் சி. இது வாசற்படி மட்டுமே. போட்டியில் இடம் பிடிக்க இதைவிட மேலே வேண்டும். முயெட் ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும். எந்தத் துறைக்கு எந்த பேண்ட் என்பதை அந்த ஆண்டின் யு.பி.யு. பட்டியலில் பாருங்கள்.

இன்னொன்று. யு.பி.யு. புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். சீருடை இயக்கமும் விளையாட்டும் வேண்டாம் என்று பிள்ளையைத் தடுத்தால் அந்தப் 10இல் கை வைக்கிறீர்கள். சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

தனியார் கல்லூரி விளம்பரத்தில் மயங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பட்டம் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே படிக்கும் அடித்தளப் படிப்பை வேறு பல்கலைக்கழகம் ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பி.டி.பி.டி.என். கடன் என்றால் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும்.

உள்ளே போனால் என்ன படிக்க வேண்டும்? இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 4,800 மணி நேரம். தனிமனிதரும் கடையும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கின்றன என்பது நுண்பொருளாதாரம். நாட்டின் வேலையின்மை, விலைவாசி எல்லாம் பேரினப் பொருளாதாரம். அதோடு கணிதம், புள்ளியியல், பிறகு இரண்டையும் சேர்த்து உண்மைத் தரவுகளைச் சோதிக்கும் எக்கனோமெட்ரிக்ஸ். பலர் தடுமாறுவது இந்தக் கடைசிப் பாடத்தில்தான்.

இவை தவிர எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமான பொதுப் பாடங்கள் உண்டு. அவற்றையும் சும்மா விடக்கூடாது. 2001 கம்போங் மேடான் சம்பவத்தில் அடிபட்டதும் உயிரிழந்ததும் பெரும்பாலும் நம்மவர்கள். ஆனால் 2006இல் ஒரு பல்கலைக்கழகத்தின் இன உறவுப் பாடநூல் அதற்கு இந்திய இளைஞர்களையே குற்றம் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியது. அமைச்சரவை அதை நிறுத்தியது. பாடத்திட்டத்தைப் படிக்க நம் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால்தான் இது வெளியே தெரியும்.

கடைசியாக, வழக்கறிஞராக ஒரு வார்த்தை. அரசியல் சட்டம் 12ஆவது பிரிவு, அரசாங்கக் கல்விக்கூடங்களில் இனம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 1971இல் சேர்த்த 153 (8ஏ) பிரிவு, தகுதி பெற்றவர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும்போது ஒதுக்கீட்டை அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. தகுதி உள்ள பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்டால் கேள்வி கேட்கலாம். தகுதியே இல்லாவிட்டால் எந்த வக்கீல் வந்தும் பயனில்லை. இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. முடிவு வரும் நாளன்றே வேலையைத் தொடங்குங்கள். அனுப்பியதற்கும் வந்த பதிலுக்கும் நகல் வையுங்கள். காகிதம் இல்லாமல் வழக்கு இல்லை.

லாரி ஓட்டுகிறவரும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவரும் இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கணிதப் புள்ளியைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் திட்டாதீர்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் தாமானிலேயோ, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு அண்ணனையோ அக்காவையோ வாரம் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுக்கக் கேளுங்கள். நான்கு வீடு சேர்ந்தால் ஒரு வகுப்பு.

உரிமையைக் கேட்போம். அதற்கான தகுதியையும் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்.