கடலோர நகரின் நடுவே ஒரு வீடு

பிழைப்பை முன்னிட்டு வெளி மாநிலங்களுக்கு வந்து, வாடகை வீடுகளிலேயே பத்து இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நம் குடும்பங்களில், சேர்த்த பணத்தைக் கொண்டு எங்கே ஒரு வீடு வாங்குவது என்ற கேள்வி ஒரு நாள் எழாமற் போவதில்லை. ஊரில் வாங்குவதா, இங்கேயே வாங்குவதா என்ற வாதம் ஒருவாறு ஓய்ந்து, இங்கேயே என்று தீர்மானமான பிறகும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. நகருக்கு வெகு தொலைவில் விசாலமான புது வீடா? அல்லது நகரின் நடுவிலே, கடலுக்கும் கடைத்தெருவுக்கும் கால்நடையாகவே போய்வரக்கூடிய இடத்தில், ஓர் அறை கொண்ட பழைய வீடா? பம்பாய் என்று நெடுங்காலம் நாம் அழைத்துவந்த மும்பை மாநகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

தென் மும்பையில் கிர்காம் என்றொரு பகுதி உண்டு. அதன் மேற்கே சௌபாத்திக் கடற்கரை. அங்கிருந்து தெற்கு நோக்கிக் கடலை ஒட்டி வளைந்து செல்கிறது மெரின் டிரைவ் சாலை. அச்சாலையின் ஓரத்துக் கட்டடங்கள் பல 1930களிலும் 1940களிலும் எழுந்தவை. அவை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கிர்காமில் வசிப்பவருக்குச் சர்னி ரோடு ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் நிலத்தடி மெட்ரோவும் அங்கே நின்று செல்கிறது. காய்கறிக் கடை, மருத்துவர், பள்ளிக்கூடம், கோயில் ஆகிய யாவும் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மாலையில் கடற்காற்று வாங்க வண்டி வாகனம் தேவையில்லை.

இவ்வாறு எல்லாம் நடை தூரத்தில் அமைய வேண்டும் என்ற விருப்பம் நமக்குப் புதியதன்று. மும்பைக்கு முதலில் வந்த தமிழ்க் குடும்பங்களில் பல மாதுங்காவில் குடியேறின. அது கடலோரம் இல்லாவிடினும், கோயிலும் கடைகளும் ரயில் நிலையமும் ஒன்றையொன்று அடுத்து இருந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றிப் பள்ளி நடத்தியதும் அங்கேதான். கிர்காமை அடுத்துள்ள காம்தேவியில் நடந்த முயற்சி இதனினும் பழமையானது. கன்னடக் கரையிலிருந்து பம்பாய்க்கு வந்த சாரஸ்வதக் குடும்பத்தினர், ஸ்ரீபாத சுப்பராவ் தல்மாகி என்பவரின் ஊக்கத்தால், 1915ஆம் ஆண்டில் அங்கே ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தைப் பதிவு செய்தனர். வந்தேறிய ஊரில் தனித்தனியே அடைய முடியாத இடத்தை அவர்கள் ஒன்றுகூடி அடைந்தார்கள். இன்று நகரெங்கும் பரவியுள்ள வீட்டு வசதிச் சங்கங்களுக்கு அதுவே முன்னோடி.

தொலைவில் வீடு வாங்குவோர் விலை மலிவு என்கிறார்கள். மலிவுதான், ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. விராரிலிருந்து சர்ச்கேட் நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கொண்டால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 75 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக மூன்று நாட்களுக்கு மேல் ஒவ்வொரு மாதமும் நெரிசலில் கழிகின்றன. கூடுதலாகக் கிடைத்த அறையில் உட்கார்ந்து பிள்ளையின் பாடத்தைக் கேட்பதற்குத் தகப்பனாருக்கு நேரம் இல்லை.

ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் பெற்றோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் தவிர வேறு மொழி அறியாத ஒரு தாய், நெடுஞ்சாலை ஓரத்தில் பதினைந்தாவது மாடியில் குடியிருந்தால், மகன் வரும் வரையில் சன்னலே அவருக்குத் துணை. அதே தாய் நடைக்கு எட்டும் பேட்டையில் வாழ்ந்தால், ஒரு மாதத்துக்குள் கீரை விற்பவளிடம் விலை கேட்கும் அளவுக்கு மராத்தி கற்றுக்கொள்கிறார். கோயிலுக்குத் தாமே போகிறார். கடற்கரைச் சுவரில் தம் வயதொத்தவர்களைக் காண்கிறார். பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது முதுமையில் பெரும் பேறு. அதை அளிப்பதனாலேயே இத்தகைய வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது நம் கருத்து.

அந்த மதிப்பு நம்மிடம் நிலைத்திருக்க வேண்டுமானால் மூன்றைப் பரிசோதிக்க வேண்டும். அவை பத்திரம், கட்டடம், தண்ணீர்.

முதலாவது பத்திரம். பழைய தென் மும்பையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று சொல்லப்படும் யாவும் சொந்த வீடுகள் அல்ல. பக்டி என்றொரு முறை அங்கே வழங்கி வருகிறது. பெருந்தொகை கொடுத்து ஒருவர் குடியிருப்பு உரிமையைப் பெறுகிறார். மாதந்தோறும் சொற்ப வாடகை கட்டுகிறார். கட்டடமும் நிலமும் மட்டும் வீட்டுக்காரரிடமே இருக்கின்றன. பிறகு வேறொருவருக்கு மாற்றித் தரும்போது வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அவருக்கு ஒரு பங்கும் சேர வேண்டும். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய தொகை பெறுவதை அனுமதிக்கிறது. ஆயினும் வாங்குபவர் குடியிருப்பவராகவே ஆகிறார், உடைமையாளராக ஆவதில்லை. வங்கிகள் பொதுவாக இதற்குக் கடன் தருவதும் இல்லை. இதை அறிந்து வாங்குவதில் பிழையில்லை. அறியாமல் வாழ்நாள் சேமிப்பை அதில் இடுவது ஆபத்து.

கூட்டுறவுச் சங்கத்து வீடாயின் பங்குச் சான்றிதழ் விற்பவர் பெயரில் உள்ளதா, பாக்கி இல்லை என்ற சான்றைச் சங்கம் தருமா என்று விசாரிக்க வேண்டும். நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியிருக்கிறதா, அல்லது கட்டியவர் பெயரிலேயே கிடக்கிறதா என்பதும் முக்கியம். குத்தகை நிலமாயின் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர் மாற்றத்துக்காகச் சங்கம் பெறும் மிகைத் தொகை இந்நகரில் ரூ.25,000-க்கு மேற்படலாகாது என்று மாநில அரசு வரம்பு கட்டியிருக்கிறது. நன்கொடை என்ற பெயரால் அதிகம் கேட்டால் அந்த வரம்பை நினைவூட்டலாம்.

இரண்டாவது கட்டடம். கடற்காற்று உடலுக்கு இதமாயினும் கான்கிரீட்டுக்குப் பகை. காற்றில் வரும் உப்பு மெல்ல உட்புகுந்து இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவானது இரும்பைக் காட்டிலும் அதிக இடம் கொள்வதால் மேற்பூச்சு வெடித்து உதிர்கிறது. புதிதாக அடித்த வண்ணத்தைக் கண்டு மயங்காமல் படிக்கட்டின் அடிப்புறம், பால்கனியின் விளிம்பு, குளியலறையின் கூரை ஆகியவற்றை உற்றுநோக்க வேண்டும். இன்னும் பழைய வீடுகள் மரச்சட்டங்களின் மேல் நிற்பவை. உத்தரம் சுவரைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் மரம் உளுத்துவிடும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2017 ஆகஸ்ட் 31 அன்று, பேண்டி பஜார் பக்கத்தில் நூறாண்டு கடந்த ஒரு கட்டடம் காலை வேளையில் இடிந்து விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1969 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டு, பழுதுபார்ப்பு வரி செலுத்தும் வாடகைக் கட்டடங்கள் மும்பைத் தீவு நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகளின்படி, 15 முதல் 30 ஆண்டு வயதுடைய கட்டடத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், 30 ஆண்டு கடந்ததை மூன்றாண்டுக்கு ஒரு முறையும் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது நம் உரிமை. அறிக்கை இல்லை என்று சொன்னால் அதுவே ஓர் அறிக்கையாகும்.

மூன்றாவது தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று கொலாபாவில் பெய்ததோ சுமார் 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகருக்குள் இவ்வளவு வேற்றுமை! மழைநீர்க் கால்வாய்கள் கடலில் சென்று கலப்பவை. கடல் ஏற்றத்தின்போது கனமழையும் சேர்ந்துகொண்டால் நீர் வடிய வழியின்றித் தெருவிலேயே தேங்குகிறது. ஆகையால் நகரின் பெயரைக் கொண்டு தீர்மானிக்காமல், அந்தத் தெருவின் தாழ்வு மேட்டைக் கவனிக்க வேண்டும். கீழ்த்தளத்துக் கடைக்காரரைக் கேட்டால், எந்த ஆண்டில் எந்தப் படி வரை நீர் ஏறியது என்று சொல்லிவிடுவார். குடிநீர் எந்த நேரத்தில் எவ்வளவு வருகிறது என்பதையும் அவரிடமே கேட்டு வைக்கலாம்.

இனி விலை. மும்பையில் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் அளவே வருகிறது. வீட்டுக் கடனின் வட்டியோ அதற்கு மிகவும் மேற்பட்டது. வருமானத்தை மட்டும் கருதினால் வாடகைக்கு இருப்பதே இலாபம் என்று கணக்கு கூறும். எனவே விலை மேலும் ஏறும் என்ற ஆசையை நம்பி இத்தகைய வீட்டை வாங்கலாகாது. அந்தத் தெருவில் நடந்து வாழ விரும்புவோர், தவணை கட்டிய பின்னும் குடும்பச் செலவுக்குக் கையிருப்பு மிஞ்சுமாயின் வாங்கலாம்.

ஆதலால் நாம் கூறும் யோசனை எளியது. வாங்க எண்ணும் பேட்டையில் முதலில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழைக்காலத்தை அங்கே கழிப்போம். வீட்டிலுள்ள முதியவர் கைத்தடியுடன் சந்தைக்கும் மருத்துவரிடமும் போய்வர முடிகிறதா, நடைபாதை நடப்பவர்க்கு விடப்பட்டிருக்கிறதா, மாடிப்படி அவர் மூட்டுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்போம். அந்த ஓராண்டு வாடகையை வீண் செலவென்று கருத வேண்டாம். முப்பது ஆண்டு வாழ்க்கைக்கு அது சோதனைக் கட்டணம்.

விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் வாழும் நம்மவர்க்குச் சட்டத்தின் பெயர்கள் மாறும். பார்க்க வேண்டியவை மாறா. பத்திரத்தை வழக்கறிஞரிடமும், சுவரைப் பொறியாளரிடமும், தெருவை நம் கால்களிடமும் காட்டி, மூவரும் சம்மதித்த பின் முன்பணம் கொடுப்போமாக.