மண்டியிட்டு ஏறும் தீவு

கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாவில் மார்பிள் தீவு இருக்கிறது. ராங்கின் இன்லெட் ஊருக்குக் கிழக்கே கடலில் தனித்து நிற்கும் சிறு தீவு. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு அது வெறும் தீவு அல்ல.

தீவு முழுவதும் குவார்ட்சைட் என்ற வெள்ளைப் பாறை. உப்பளத்தில் குவித்த உப்பைப் போலத் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். முன்பு அது பனிக்கட்டியாக இருந்ததாம். ஒரு மூதாட்டி அது தீவாக வேண்டும் என்று விரும்பினாராம், பனி பாறையானதாம். அவருடைய ஆவி இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது இனுயிட் நம்பிக்கை.

அதனால் ஒரு வழக்கம். படகிலிருந்து இறங்குகிறவர்கள் நடந்து ஏறுவதில்லை. அலை தொடும் எல்லை தாண்டும்வரை மண்டியிட்டுத் தவழ்ந்தே ஏறுகிறார்கள். வேட்டைக்கு வந்தவரும் தவழ வேண்டும், விருந்தாளியும் தவழ வேண்டும். மீறினால் கேடு வரும் என்பார்கள்.

1719இல் இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் நைட் என்பவர் இரு கப்பல்களில் புறப்பட்டு இங்கே வந்தார். அவரும் உடன் வந்தவர்களும் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, திமிங்கில வேட்டைக் கப்பல்கள் குளிர்காலத்தைக் கழிக்க இந்தத் தீவின் துறைமுகத்தையே தேடி வந்தன. அந்தக் கப்பல்காரர்களுக்கு மான் இறைச்சி தந்து, இனுயிட் மக்கள் பண்டமாற்றுச் செய்தார்கள்.