கண்ணுக்கான படமும் கணக்குக்கான படமும்

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் அனைவரின் பையிலும் இருக்கும் கைபேசிக் கேமரா. காற்றையும் நீரையும் அளக்கும் அறிவியல் கருவியாக அதைக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதே என் வாதம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நம் கண்ணை மகிழ்விப்பதற்காக அந்தக் கேமராவுக்குள் செய்துவைத்திருக்கும் வேலைகளையெல்லாம் முதலில் கழித்தாக வேண்டும். மலிவு என்று நாம் கொண்டாடுவது சென்சாரின் மலிவை மட்டுமே. அளவை என்பது அதற்குப் பிறகு உழைத்துப் பெற வேண்டியது.

சிலிக்கான் சில்லில் ஒளி விழும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி இருமடங்கானால் எலக்ட்ரான்களும் இருமடங்காகும். ஆய்வகத்தின் விலையுயர்ந்த கேமரா இயங்குவதும் கைபேசிக் கேமரா இயங்குவதும் இந்த நேர்விகிதத்தில்தான். கோடிக்கணக்கில் தயாராவதால் இரண்டாவது மலிந்துவிட்டது. வேறுபாடு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் ஒளியை மூன்று நிறங்களாக வடிகட்டுகின்றன. பிறகு மென்பொருள் நிழலைத் தூக்கிக் காட்டும், கூசும் வெளிச்சத்தை அடக்கும், நிறத்தைச் சரிக்கட்டும், கடைசியில் எல்லாவற்றையும் ஜேபெக் கோப்பாகச் சுருக்கும். வானத்தின் மங்கலைத் துடைத்துத் தரும் கேமராவை எல்லோருக்கும் பிடிக்கும். அந்த மங்கலை அளக்க வந்தவருக்கு மட்டும் கைமுதலே போய்விடுகிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. சென்சார் தந்த எண்களை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பில் நேர்விகிதம் நிலைக்கிறது. ஜேபெக்கில் அது குலைகிறது.

இந்தக் கழித்தல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவின் வேலை நல்ல சான்று. எரிமலைக்குள் கற்குழம்பு மேலேறும்போது கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறது. சாதாரணக் காற்றில் அந்த வாயு மிகக் குறைவு என்பதால், புகையில் அதைப் பிரித்தறிவது எளிது. 310 நானோமீட்டர் அலைநீளத்துப் புற ஊதா ஒளியை அது நன்றாக உறிஞ்சும். 330இல் ஏறக்குறைய உறிஞ்சாது. இரண்டு வடிகட்டிகள் வழியே ஒரே புகையைப் படமெடுத்து ஒப்பிட்டால் வாயுவின் அளவு கிடைக்கும். அடுத்தடுத்த படங்களில் புகை நகரும் வேகத்தைச் சேர்த்தால், நொடிக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதும் தெரியும். இதற்கான அறிவியல் கேமராக்களின் விலை எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டுவதில்லை. அந்தக் குழு கைபேசிச் சந்தைக்காக உருவான சென்சாரைக் கொண்ட, அன்று சுமார் 25 டாலர் விலையிருந்த, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்கான கேமராவை எடுத்துக்கொண்டது. நிறக் கட்டங்கள் புற ஊதாவை மறைப்பதால் வேதிக்கரைசலில் அவற்றைக் கரைத்து நீக்கியது. லென்சும் மறைக்கும் என்பதால் அதையும் கழற்றி, குவார்ட்ஸ் லென்சைப் பொருத்தியது. 2017இல் வெளியான முடிவின்படி, எட்னா எரிமலையில் விலையுயர்ந்த கருவியின் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது இரண்டும் தந்த வாயு வெளியேற்ற வரைகோடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மலிவு இங்கே வெறும் சிக்கனம் இல்லை. எரிமலையின் விளிம்பில் வைக்கும் கருவி அமிலப் புகையில் அரிக்கப்படலாம், வெடிப்பில் போயும் போகலாம். இழந்தால் தாங்கக்கூடிய கருவியைத்தான் அங்கே துணிந்து வைக்க முடியும்.

"இது கைபேசியே இல்லையே, பிரித்துப்போட்ட உறுப்புதானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிக்காமல் அளப்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹைட்ரோகலர் செயலி இருக்கிறது. சாம்பல்நிற அட்டை, வானம், நீர்ப்பரப்பு என மூன்று படங்கள் எடுக்கச் சொல்கிறது அந்தச் செயலி. எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று முன்பே தெரிந்த அட்டை அது. அன்றைய வெளிச்சத்துக்கு அதுவே உரைகல். அதைக் கொண்டு நீரின் ஒளித்திருப்பமும் கலங்கலும் கணக்கிடப்படுகின்றன. 2018இல் வெளியான ஆய்வு, கலங்கல் அளவு கையடக்க மானியிலிருந்து 24 விழுக்காட்டுக்குள் நின்றதாகச் சொல்கிறது. நாலில் ஒரு பங்கு பிழையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில் இது: கேள்வி என்ன என்று முதலில் சொல்லுங்கள். குடிநீர் தரச் சான்று வழங்க இது உதவாது. வெள்ளத்தின்போது ஆற்றின் கலங்கல் பல மடங்கு ஏறுகிறது; அந்த ஏற்றம் எங்கே, எப்போது தொடங்கியது என்று கேட்டால் இது தாராளமாகப் போதும். பிழையின் அளவு தெரிந்திருக்கிறது என்பதே இதை விளையாட்டுச் செயலிகளிலிருந்து பிரிக்கிறது.

பிழையைக் கூட்டத்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. லைடன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஐஸ்பெக்ஸ் திட்டத்தில், 2013இல் நெதர்லாந்து முழுவதும் ஆயிரக்கணக்கான மக்கள் ஐபோனில் சிறு ஒளியியல் இணைப்பைப் பொருத்தி, மேகமற்ற வானத்தை அளந்தார்கள். வானொளியின் நிறமாலையும், ஒளி அலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதைக் காட்டும் தளவிளைவும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் அளவைச் சொல்லும். அந்த அளவீடுகளைச் சேர்த்து வரைந்த படங்கள் செயற்கைக்கோள் தரவோடும் தரைக் கருவிகளின் தரவோடும் நன்றாக ஒத்துப்போயின. சில கிலோமீட்டர் அளவிலான நுணுக்கங்களும் தெரிந்தன. கை நடுக்கமும் இணைப்பு சற்றுக் கோணலாக உட்காருவதும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; சராசரியில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் எல்லாக் கைபேசிகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து அளந்தால், பத்தாயிரம் பேர் சேர்ந்தாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். அதைத் திருத்த, தரமான கருவி ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே கைபேசி வந்துவிட்டது, கண்காணிப்பு நிலையங்களை மூடிவிடலாம் என்று எந்த நிதித்துறையாவது நினைத்தால், அது இரண்டையும் கெடுக்கும் வேலை.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் எதிர்வாதம் வேறு. கைபேசி மாடல்கள் சில ஆண்டுகளில் மறைந்துவிடும். சுற்றுச்சூழல் பதிவுகளோ பல பத்தாண்டுகளுக்குத் தொடர வேண்டும். புதிய மாடலின் சென்சார் வேறு, மென்பொருள் வேறு. பழைய மாடலையும் புதியதையும் சில காலம் அருகருகே வைத்து அளந்து, அளவுத்திருத்த எண்களை எல்லோருக்கும் திறந்து வைத்து, 'ரா' கோப்புகளை அழிக்காமல் காப்பதுதான் இதற்கு வழி. இந்த வழிக்குச் செலவு உண்டு. எட்னாவில் சோதித்தது போன்ற, இரண்டு வடிகட்டிகள் கொண்ட முழுத் தொகுதிக்குச் சுமார் 500 டாலர் ஆகும் என்று ஷெஃபீல்டு குழு கணக்கிட்டது. அதில் கேமராக்களுக்குப் போவது 50 டாலர்தான். மீதி, அந்தக் கேமராக்களை அளக்கவைப்பதற்கான செலவு. ஆண்டுதோறும் வந்து, அளவு தெரிந்த வாயு அடைத்த குப்பிகளைக் கேமராவின் முன் பிடித்துச் சரிபார்க்கும் ஆளின் சம்பளம் இந்தக் கணக்கில் சேரவில்லை.